எண்பத்தாறு கிராம்

அவருக்குப் பெற்றவர்கள் வைத்த பெயர் அடையாள அட்டையில் பத்திரமாக இருக்கிறது. அதைச் சொல்லிக் கூப்பிட்டால் அவரே திரும்பிப் பார்ப்பாரா என்பது சந்தேகம்தான். தெருவுக்கும், பழைய காரை வைத்துக்கொண்டு வேகத்துக்கு ஆசைப்படுகிற அத்தனை பேருக்கும் அவர் ‘கிராம்’. காரிலிருந்து எதைக் கழற்றினாலும், அது ஒரு திருகாணியாகவே இருந்தாலும், முதலில் தராசில் வைத்துப் பார்த்துவிட்டுத்தான் மறுவேலை பார்ப்பார். அதனால் ஒட்டிக்கொண்ட பெயர். சின்னச் சாமான்களை நிறுக்கிற அந்தத் தராசு மனைவி சமையலுக்கென்று ஆசையாக வாங்கியது. வாங்கிய வாரமே பட்டறைக்குக் கடத்தப்பட்டுவிட்டது.

மனைவியைத் தெருவில் தையலம்மா என்பார்கள். பட்டறையை ஒட்டிய சின்ன அறையில் கார் சீட்டுகளுக்கு உறை தைப்பவள். கிழிந்துபோன சீட்டைக் கண்ணால் ஒருமுறை பார்த்தால் போதும், டேப் வைக்காமலே துணியை வெட்டுவாள். வெட்டியது விரற்கடைகூடத் தவறாது. பிள்ளைகள் இல்லாத வீடு. இரண்டு பேருக்கும் நடுவில் ஒரு சுவரும், அந்தச் சுவரில் ஒரு ஜன்னலும் இருந்தன. அவர் சுத்தியலை நிறுத்தினால் இவள் மிஷினை நிறுத்துவாள், டீ வந்துவிட்டது என்று அர்த்தம். இந்தக் கதையில் நாசமாகப் போவது அவள்தான். அதை மறைத்து வைத்துக் கடைசியில் தூக்கிப் போடுகிற வேலை நமக்கு வேண்டாம்.

கிராமின் உலகத்தில் புதுக் காருக்கு இடம் கிடையாது. இருபது, இருபத்தைந்து வருடத்துப் பெட்ரோல் கார்கள், டர்போ இல்லாதவை. இன்ஜின் தன் மூச்சைத் தானே இழுத்துக்கொள்ளும். கம்ப்யூட்டர் ஒன்று அளவு பார்த்துப் பெட்ரோலைப் பீய்ச்சும். அப்படிப்பட்ட இன்ஜினுக்குள் எவ்வளவு செலவைக் கொட்டினாலும் கிடைக்கிற கூடுதல் பலம் கையளவுதான் என்பதை அவர் வருகிறவர்களிடம் ஒளிக்காமல் சொல்லிவிடுவார். ஹெட்லைட்டுக்குப் பின்னாலிருந்து குளிர்ந்த காற்றை எடுக்க ஒரு பிளாஸ்டிக் குழாயை வளைத்துக் கொடுப்பார். தீப்பொறி விழுகிற நேரத்தை இரண்டு டிகிரி முன்னால் தள்ளுவார். பெட்ரோல் கொஞ்சம் தாராளமாகவே பாயட்டும் என்று விடுவார். அதோடு இன்ஜின் வேலை முடிந்தது. மிச்சமெல்லாம் கழற்றுகிற வேலை.

“பலத்தக் கூட்டினா செலவு. பாரத்தக் கொறச்சா செலவே இல்ல” என்பது அவருடைய வேதவாக்கு. ஏசி, ஸ்டெப்னி, கதவுக்குள் இருக்கும் அட்டை, புகையைச் சுத்தப்படுத்துகிற கன்வெர்ட்டர் என்று வரிசையாக இறங்கும். கார் ஓடுவதற்கு ஸ்டீயரிங் வேண்டுமா என்று ஒருநாள் யோசித்துக்கொண்டிருந்ததாகத் தையலம்மா எல்லோரிடமும் சொல்லிச் சிரிப்பாள்.

தன் சொந்தக் காரில் அவர் செய்தது இதன் உச்சம். வருடத்துக்கு ஒருமுறை கார்ப் பிரியர்கள் சங்கம் மலைப்பாதையை ஒரு காலைப்பொழுது மூடிவைத்து, ஒவ்வொரு காராக ஏறவிட்டு நேரம் பார்க்கும். பழைய கார்ப் பிரிவில் மூன்று நிமிடத்துக்குள் ஏறியவர் யாருமில்லை. நூற்றைம்பது கிலோவைக் குறைத்தால் அது முடியும் என்று கிராம் கணக்குப் போட்டார். பட்டறைச் சுவரில் ஒரு கரும்பலகையை மாட்டி, கழற்றிய சாமானையும் அதன் எடையையும் சாக்பீஸால் எழுதிக்கொண்டே வந்தார். பெரிய பேட்டரியை எடுத்துவிட்டு பைக் பேட்டரி வைத்தார். சத்தம் கேட்காமலிருக்கத் தரையில் ஒட்டியிருந்த தார்ப் படலத்தை டிரை ஐஸ் என்கிற உலர்பனி வைத்து உறையவைத்துச் சுத்தியலால் தட்டிப் பெயர்த்தார். காரின் பின்பக்கம் வரை நீளும் புகைக்குழாயைப் பாதியில் வெட்டி, பின் சீட்டுக்கு அடியிலேயே முடித்துவிட்டார். பின் சீட்டும், முன்பக்கம் டிரைவருக்குப் பக்கத்து சீட்டும் போயின.

இவ்வளவும் செய்து கூட்டிப் பார்த்தால் நூற்றைம்பது கிலோவுக்கு எழுபத்துச் சொச்சம் கிராம் குறைந்தது.

எழுபது கிராம் என்பது ஒரு பெரிய முட்டையின் எடை. வேறு யாராயிருந்தாலும் பலகையில் நூற்றைம்பது என்று எழுதிவிட்டுக் கையைக் கழுவிக்கொண்டு போயிருப்பார்கள். இவருக்கு அது முடியாது. காரைச் சுற்றிச் சுற்றி வந்தார். தார் பெயர்ந்த வெறும் தகரத் தரையில், பின் சீட்டுக்குக் கால் வைக்கிற இடத்தில், நான்கு ரப்பர் மூடிகள் கண்ணில் பட்டன. காரைத் தயாரிக்கும்போது பெயின்ட் வடிவதற்காக விடுகிற ஓட்டைகளை அடைக்கிற மூடிகள், வடை அளவுக்கு இருக்கும். கட்டைவிரலால் நெம்பினார், சட்டென்று கழன்று வந்தன. நான்கையும் தராசில் வைத்தார். பலகையின் கடைசி வரியில் எழுதினார்: ரப்பர் மூடி 4, எண்பத்தாறு கிராம். அன்றைக்கு அவருக்கு இருந்த சந்தோஷத்தைப் பார்த்துவிட்டு, குழந்தை பிறந்த வீடு மாதிரி இருக்கிறதே என்று தையலம்மா கேட்டாளாம்.

மலையை இரண்டு நிமிடம் ஐம்பத்தெட்டு விநாடியில் ஏறினார். பொய் சொல்லக்கூடாது, பெரிய காரியம்தான். ஒரு மாசத்துக்குப் பட்டறைக்குக் கூட்டம் வந்தது, அந்தப் பலகையைப் போனில் படம் பிடித்துக்கொண்டு போக.

போட்டி முடிந்ததும் மூடிகளை மாட்டிவிடலாம் என்றுதான் இருந்தார். மாட்டினால் பலகையில் நூற்றைம்பது நிற்காது. படம் பிடிக்க வருகிறவர்களிடம் பொய்யான பலகையைக் காட்டுவதா என்று ஒரு பிடிவாதம். மூடிகள் ஒரு கண்ணாடிப் பாட்டிலுக்குள் போய், அலமாரியில் உட்கார்ந்துகொண்டன.

ஞாயிற்றுக்கிழமைகளில் தையலம்மாவின் அக்கா வீட்டுக்குப் போய்வருவது அவர்கள் வழக்கம். ஒன்றரை மணி நேரப் பயணம். முன் சீட்டைத் திரும்ப மாட்டத் துருப்பிடித்த நான்கு போல்ட்டுகளோடு மல்லுக்கட்ட வேண்டும். பின் சீட்டு என்றால் அழுத்தினால் போதும், கொக்கியில் உட்கார்ந்துவிடும். அதனால் ஞாயிறு காலையில் பின் சீட்டை மட்டும் பொருத்துவார். தையலம்மா பின்னால் தனியாகச் சாய்ந்து உட்கார்ந்துகொள்வாள். “டிரைவர், வண்டிய எடுப்பா” என்பாள். அவரும் “சரிங்க மொதலாளியம்மா” என்று எடுப்பார். தகரம் காலில் சில்லென்று படுகிறது என்று ஒரு பழைய போர்வையை மடித்துக் கீழே போட்டுக்கொண்டாள்.

“என்னங்க, அடியிலேர்ந்து காத்து வருது.”

“ஏசியக் கழட்டிட்டீங்கன்னு சொன்னியே. அதுக்குப் பதில் அதுதான்” என்றார் அவர். இரண்டு பேரும் சிரித்தார்கள்.

இரண்டாவது ஞாயிறே தலைவலி ஆரம்பித்தது. அக்கா வீட்டுக்குப் போய்ச் சேரும்போது நெற்றிப்பொட்டு இரண்டும் தெறிக்கும். திரும்பி வந்தால் குமட்டல். இரவு தூங்கி எழுந்தால் ஒன்றுமில்லாமல் போய்விடும். அக்கா கொஞ்சம் வாயாடி. உட்கார்ந்த இடத்தில் மூன்று தலைமுறை வழக்கைத் தீர்த்து வைப்பவள். அதனால் ‘அக்கா தலைவலி’ என்று வீட்டில் அதற்கு ஒரு பெயரே வைத்துவிட்டார்கள். தைலத்தைத் தேய்த்துவிடும்போது கிராமே அந்தக் கேலியைச் சொல்வார். அவருக்கு வலிக்கவில்லை. இன்ஜின் சத்தம் காதில் விழவேண்டும் என்று தன் பக்கத்துக் கண்ணாடியை எப்போதும் நாலு விரல் இறக்கி வைத்துத்தான் ஓட்டுவார். அந்த இடைவெளி உள்ளேயிருந்த காற்றை வெளியே இழுத்தது. அதற்கு ஈடாகப் பின்னால் ஓட்டைகள் வழியாக அடியிலிருந்த புகையை உள்ளே இழுத்தது. புகை வாடை பட்டறையிலேயே வாழ்கிற இரண்டு பேருக்கும் பழகிப்போனது. ஓடுகிற காரில் காற்று எங்கே எப்படிப் போகும் என்று ஊருக்கெல்லாம் பாடம் எடுத்த மனுஷன் அவர். தெரியாமல் செய்துவிட்டார் என்று யாராவது சொன்னால் எனக்குக் கோபம்தான் வருகிறது.

ஐந்தாவது ஞாயிறு மழை பிடித்துக்கொண்டது. மதியம் சாப்பிட்டுக் கிளம்பும்போது தையலம்மா வாசலில் தயங்கி நின்றாள்.

“இன்னிக்கு பஸ்ல போயிடலாமாங்க? தல இப்பவே கனமா இருக்கு.”

“மழைல பஸ்ஸுக்கு நின்னு நனையறதா? கண்ண மூடிப் படு. எழுந்தா வீடு” என்றார்.

படுத்துக்கொண்டாள். பாதி வழியில் பெரிய மரமொன்று சாலைக்குக் குறுக்கே விழுந்து கிடந்தது. முன்னும் பின்னும் வண்டிகள் அடைத்துக்கொண்டன. இன்ஜினை நிறுத்த அவருக்குப் பயம். பைக் பேட்டரி, ஈரத்தில் நிறுத்திவிட்டு மறுபடி எடுக்காவிட்டால் அத்தனை வண்டிக்காரர்கள் முன்னால் மானம் போய்விடும். ஓடட்டும் என்று விட்டுவிட்டு, மழை தூறலானதும் மரம் வெட்டுவதைப் பார்க்க இறங்கினார். இரண்டு மூன்று டிரைவர்கள் காரின் உறுமலைக் கேட்டு வந்து நின்றார்கள். ஒருவர் மலைப் போட்டியைப் பற்றிக் கேள்விப்பட்டவர். பிறகு கேட்கவேண்டுமா? பானெட்டைத் தூக்கிவிட்டார்.

ஒரு மணி நேரத்துக்கு மேல் பேசினார். குளிர்ந்த காற்றுக் குழாயைக் காட்டினார், பேட்டரியைக் காட்டினார். குனிந்து பாருங்கள் என்று வெட்டிய புகைக்குழாயைக் காட்டினார். கடைசியாக, கூட்டம் ரசிக்கும் என்று தெரிந்தே, எண்பத்தாறு கிராம் கதையைச் சொன்னார். லாரிக்காரர் ஒருவர் கைதட்டிச் சிரித்தார். அவ்வளவு நேரமும் மழைக்காக ஏற்றின கண்ணாடிகளுக்குப் பின்னால், அந்த ஓட்டைகளுக்கு மேலே, தையலம்மா படுத்திருந்தாள். சிரிப்புக்கும் அவளுக்கும் நடுவில் ஒரு தகரக் கதவுதான்.

வழி திறந்ததும் வந்து பார்த்தார். அசந்து தூங்குகிறாள், பாவம், தலைவலியோடு எழுப்ப வேண்டாம் என்று நினைத்தார். அவள் தூக்கம் கலையக்கூடாது என்பதற்காக அந்தக் காரை வாங்கின நாளிலிருந்து முதல் முறையாக மெதுவாக ஓட்டினார். வீட்டு வாசலில் நிறுத்தி, “எழுந்திரும்மா, வீடு வந்தாச்சு” என்று தோளைத் தொட்டபோது தலை தொய்ந்து ஒரு பக்கமாக விழுந்தது.

ஆஸ்பத்திரியில் ஆக்சிஜன் வைத்தார்கள். டாக்டரம்மா ரத்தப் பரிசோதனைத் தாளோடு வெளியே வந்து, மூடின அறையில் அடுப்போ ஜெனரேட்டரோ ஓடியதா என்று கேட்டாள். புகையில் இருக்கிற, வாசமே இல்லாத நச்சுவாயு ரத்தத்தில் ஏறியிருக்கிறது என்றாள். அந்த விநாடியில் அவருக்கு எல்லாம் தெரிந்துவிட்டது. அலமாரியில் இருந்த பாட்டில் கண் முன்னால் வந்து நின்றது.

“கார்ல வந்தோம்மா” என்றார்.

“பழைய காரா?”

“பழசுதான்.”

அவ்வளவுதான் சொன்னார். பழையது என்பது உண்மைதானே. அந்த ஒரு சொல்லை அக்கா பிடித்துக்கொண்டாள். அந்த ஓட்டைக் காரைத் தலைமுழுகச் சொல்லி எத்தனை தடவை சொன்னேன் என்று வராந்தாவில் அழுதாள். தெரு அதைப் பிடித்துக்கொண்டது. பழைய கார், எங்கேயோ துரு ஓட்டை, புகை ஏறிவிட்டது. அவர் மறுக்கவில்லை. வாயைத் திறந்து ஒரு வாக்கியம் சொல்லியிருந்தால் போதும். சொல்லவில்லை. வீட்டுக்குப் போன முதல் வேலையாக நான்கு மூடிகளையும் மாட்டினார், யாரும் பார்க்காமல்.

தையலம்மா மறுநாள் கண் விழித்தாள். ஐந்தாம் நாள் வீட்டுக்கு வந்தாள். மூன்று வாரம் பழையபடியே இருந்தாள். ஆஸ்பத்திரிக் கட்டிலின் மெத்தை உறையை எவனோ குருடன் தைத்திருக்கிறான் என்று கேலிகூடச் செய்தாள். கிராம் அந்த மூன்று வாரமும் கடவுளைத் தொல்லைப்படுத்தாத நாளில்லை. அவள் பிழைத்துவிட்டாள், இனி யாருக்கும் எதுவும் தெரியவேண்டியதில்லை என்று மனசுக்குள் ஒரு கணக்கையும் முடித்து வைத்தார்.

நாலாவது வாரம் ஒரு சீட் உறையை உள்பக்கம் வெளியே வருகிற மாதிரி தைத்தாள். சிரித்துக்கொண்டார்கள். அடுத்த நாள் மிஷினுக்கு முன்னால் ஊசியைக் கையில் வைத்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தாள், நூலை எதில் கோப்பது என்று தெரியாமல். பத்து நாளில் காலைத் தேய்த்துத் தேய்த்து நடக்க ஆரம்பித்தாள். சமையலறைக்குப் போகிறவள் வாசலுக்குப் போய் நின்றாள். டாக்டரம்மா தலைக்குள் படம் எடுத்துப் பார்த்துவிட்டு, இந்தப் புகை சிலருக்கு இப்படித் தாமதமாகக் கணக்குத் தீர்க்கும் என்றாள். ஒரு வருடத்தில் தேறுகிறவர்கள் உண்டு, தேறாதவர்களும் உண்டு என்றாள்.

ஒரு வருடம் ஆகிவிட்டது. நடை கொஞ்சம் சரியானது. மற்றது எதுவும் திரும்பவில்லை. தைக்க வராது, பிரிக்க மட்டும் வரும். கிழிந்த சீட் உறையைக் கையில் கொடுத்தால், மழுங்கின தையல் பிரிக்கிற கத்தியால் ஒவ்வொரு முடிச்சாக நெம்பிக்கொண்டு சாயங்காலம் வரை பட்டறை மூலையில் உட்கார்ந்திருப்பாள். அவரை யாரென்று சில நாள் தெரியும். சில நாள் ‘அண்ணே’ என்று கூப்பிடுவாள். முதல் தடவை கேட்டபோது அவர் பின்பக்கம் போய்த் தண்ணீர்க் குழாயைத் திறந்துவிட்டுவிட்டு அழுதார்.

அவரும் புகைக்குழாய் வெட்டுவதை நிறுத்திவிட்டார். கேட்டால், சட்டம் மாறிவிட்டது என்று ஒரு புளுகு. கரும்பலகையைக் கழற்றிச் சுவர்ப் பக்கம் திருப்பி வைத்தார். ஆனால் பலகைதான் ஊரெல்லாம் போன்களில் கிடக்கிறதே.

போன வாரம் சனிக்கிழமை காலையில் ஒரு கணக்கு வாத்தியார் வந்தார். நாற்பது வயது, சாந்தமான ஆள். அவரிடமும் அதே ரகக் கார். பட்டறைக்கு வருவது இதுதான் முதல் தடவை. படம் பார்த்துத் தானே எல்லாம் செய்துவிட்டதாகப் பெருமையாகச் சொன்னார். போனை எடுத்துக் காட்டினார். கிராமின் கையெழுத்து, கடைசி வரி வரை தெளிவாக இருந்தது.

“உங்க முறைதான் சார், ஒண்ணுகூட விடல. தாரையும் பேத்துட்டேன். அந்த நாலு மூடியும் எடுத்துட்டேன், எனக்கு தொண்ணூறு கிராம் வந்துச்சு. பொகக்கொழா மட்டும் கட் பண்ணணும், எங்கிட்ட மிஷின் இல்ல.”

சட்டம் மாறிவிட்டது என்றார் கிராம். பரவாயில்லை, அடுத்த தெருவில் வெட்டித் தருகிறார்களாம், அங்கே பார்த்துக்கொள்கிறேன் என்றார் வாத்தியார். போகிற போக்கில் கிராம் ஒன்று கேட்டார், பின் சீட்டு இருக்கிறதா என்று.

“அது எப்படி சார் எடுக்கறது? நாளைக்கே பொண்ணுங்க ரெண்டையும் கூட்டிட்டு அம்மா வீட்டுக்குப் போகணுமே.”

வாத்தியார் காரில் ஏறிச் சாவியைப் போட்டார். கிராம் ஜன்னலுக்குள் கையை விட்டு அந்தச் சாவியைத் திருகி எடுத்துவிட்டார். வாத்தியார் திகைத்துப்போய்ப் பார்த்தார்.

“எறங்குங்க சார்” என்றார் கிராம். “என் கார் பழசாப் போனதால ஒண்ணும் ஆகல. பொகக்கொழாய நான்தான் வெட்டினேன். மூடிய நான்தான் எடுத்தேன். பின்னாடி ஒரு பொம்பள படுத்திருந்தா. பொக முழுக்க அந்த ஓட்ட வழியா உள்ள போச்சு. நான் வெளிய நின்னு அந்த எண்பத்தாறு கிராம் கதையத்தான் சொல்லிச் சிரிச்சுட்டிருந்தேன்.”

ஒரு வருடமாக எவரிடமும் சொல்லாதது. குரல் உடையவில்லை, எடை சொல்கிற மாதிரியே சொன்னார். வாத்தியாரின் கண் மெதுவாகப் பட்டறை மூலைக்குப் போனது. புரிந்துவிட்டது அவருக்கு. காரிலிருந்து இறங்கினார்.

மூலையில் கத்தி நின்றிருந்தது. தையலம்மா தலையைத் தூக்கிக் கேட்டுக்கொண்டிருந்தாள். எதையும் முழுசாகக் கேட்கிற பழக்கமே போய்விட்டவள், இதைக் கேட்டிருந்தாள். முகத்தில் உண்மையான பதற்றம்.

“ஏண்ணே,” என்றாள், “அந்தம்மா பொழச்சாங்களா?”

கிராம் சாவியைக் கைக்குள் இறுக்கிப் பிடித்துக்கொண்டார். வாத்தியார் வேறு பக்கம் திரும்பிக்கொண்டார்.

“பொழச்சிட்டாம்மா.”

“நல்லவேளை” என்று பெருமூச்சு விட்டுவிட்டு, அவள் மறுபடி குனிந்து அடுத்த முடிச்சைத் தேடத் தொடங்கினாள்.